எண்ணெய் எங்கே சேர வேண்டும்?

நம் சாலைகளில் ஓடும் 100 சிசி, 125 சிசி மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு செயின்கள் உண்டு. ஒன்று எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. இன்ஜினின் இழுவையைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோவது. மற்றொன்று இன்ஜினுக்குள்ளேயே கிடந்து, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைச் சுழற்றுவது. பட்டறையில் அதை டைமிங் செயின் என்பார்கள். வெளிச்செயினை விட இது மெலிந்தது. ஆனால் டாப் கியரில் போகும்போது வெளிச்செயினை இழுக்கும் பல்சக்கரத்தை விட, டைமிங் செயினை இழுக்கும் பல்சக்கரம் மூன்று மடங்குக்கும் மேலான வேகத்தில் சுழல்கிறது. அப்படியிருந்தும், வெளிச்செயினை இரண்டு மூன்று தடவை மாற்றிவிட்ட வண்டியில் டைமிங் செயின் கம்பெனியில் மாட்டியபடியே ஓடிக்கொண்டிருப்பது சாதாரணம். அதன் மேல் விழும் இழுவிசை குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த ஒரு காரணம் மட்டும் போதாது. டைமிங் செயின் எந்நேரமும் எண்ணெயில் நனைகிறது. அந்த எண்ணெயில் மணல் இல்லை, மழைநீர் இல்லை. வெளிச்செயினுக்குக் கிடைப்பது இதற்கு நேர்மாறு: எப்போதாவது எண்ணெய், எப்போதும் மண். செயின் பராமரிப்பில் நாம் செய்யும் நல்லது கெட்டது எல்லாவற்றையும் இந்த ஒப்பீட்டை வைத்தே எடை போட்டுவிடலாம். எண்ணெயை நிறைய ஊற்றுவதால் செயினின் ஆயுள் கூடுவதில்லை. துடைத்துவிட்டு, கொஞ்சமாக, அடிக்கடி, சேர வேண்டிய மூட்டில் போய்ச் சேரும்படி விட்டால்தான் கூடுகிறது.

அந்த மூட்டு எங்கே இருக்கிறது? இன்று நாம் பார்க்கும் ரோலர் செயினின் அமைப்புக்கு 1880-இல் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்ட். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதியில் தொழில் நடத்தியவர். அதற்கு முந்தைய செயின்களில் தகட்டின் குறுகிய ஓட்டையே, தகடுகளை இணைக்கும் தண்டின் மேல் உரசியது. சின்னப் பரப்பில் முழு இழுவையும் விழுந்ததால் தண்டு சீக்கிரம் அறுபட்டது. ரெனால்ட் தண்டுக்கும் ரோலருக்கும் நடுவே புஷ் என்னும் சிறு குழாயை நுழைத்தார். உரசும் பரப்பு செயினின் அகலம் முழுக்க விரிந்தது. கோயம்புத்தூரின் எல்ஜிபி ரோலான் என்ற பெயரிலும், சென்னை முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் டயமண்ட் என்ற பெயரிலும் இன்று செய்து விற்கும் செயின்களும் இதே அமைப்புதான்: வெளித்தகடு இரண்டு, அவற்றை இணைக்கும் தண்டு, தண்டின் மேல் புஷ், புஷ்ஷின் மேல் உருளும் ரோலர், புஷ்ஷைப் பிடித்திருக்கும் உள்தகடு இரண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குத் தகடும் ரோலரும் மட்டுமே தெரியும். தேய்மானம் நடப்பதோ தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில். எண்ணெய் அங்கே போக ஒரே வழி, உள்தகடும் வெளித்தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய இடுக்கு.

அந்த மூட்டுக்கு எவ்வளவு வேலை என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். பின் ஸ்பிராக்கெட்டில், அதாவது பின்சக்கரத்தோடு சுழலும் பல்சக்கரத்தில், 42 பல், செயினில் 112 கண்ணி, சக்கரத்தின் சுற்றளவு 1.9 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் செயின் ஏறத்தாழ 197 முறை முழுச்சுற்று வந்துவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு மூட்டும், முன் ஸ்பிராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும், பின் ஸ்பிராக்கெட்டில் ஏறும்போதும் இறங்கும்போதும் என, மடங்குவதும் நிமிர்வதுமாக 4 முறை அசைகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 800 அசைவு. 500 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட 4 லட்சம். எஃகின் மேல் எஃகு 4 லட்சம் முறை புரள்கிறது, அதில் பாதி முழு இழுவையில். நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் இது பெரிய விஷயமே இல்லை. அந்தப் படலத்தில் நாலு மணல் துகள் கலந்துவிட்டால் கதையே வேறு. வால்வைத் தேய்த்து உட்காரவைக்க மெக்கானிக் பூசும் கிரைண்டிங் பேஸ்ட் எந்த வேலையைச் செய்கிறதோ, அதே வேலையை அந்தக் கலவையும் செய்யும்.

'செயின் இழுபட்டுவிட்டது' என்று நாம் சொல்வதன் பொருளும் இங்கேதான் இருக்கிறது. தகடுகள் ரப்பர் போல நீள்வதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் தண்டும் புஷ்ஷும் தேய்ந்து விழும் இடைவெளிகள்தான் ஒன்றாகக் கூடிச் செயினை நீளமாக்குகின்றன. சின்ன வண்டிகளின் செயின் தகட்டில் 428 என்ற எண் பொறித்திருக்கும். அதன் முதல் இலக்கமான 4, ஒரு மூட்டிலிருந்து அடுத்த மூட்டுக்கு உள்ள தூரம் எட்டில் நான்கு அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கிறது. இதில் ஒரு சதவீதம் 0.127 மில்லிமீட்டர், இரண்டு தலைமயிரின் தடிமன் இருக்கும். ஒவ்வொரு மூட்டும் அவ்வளவு மட்டும் தேய்ந்தால் போதும், 112 கண்ணிச் செயின் 14 மில்லிமீட்டர் நீண்டுவிடும். வண்டி 'கடகட' என்று சத்தம் போடத் தொடங்குவதும், செயின் கவரில் உரசுவதும் அப்போதுதான். உடனே பட்டறைக்குப் போய் டைட் வைக்கிறோம்; சத்தம் நின்றதும் செயின் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சக்கரம் பின்னால் நகர்ந்ததைத் தவிர அங்கே எதுவும் மாறவில்லை. தேய்ந்த மூட்டுகள் தேய்ந்தபடியேதான் இருக்கின்றன. கண்ணிகளுக்கு நடுவே தூரம் கூடிவிட்டதால் அவை ஸ்பிராக்கெட் பல்லின் அடியில் உட்காராமல் கொஞ்சம் மேலேறி உட்காருகின்றன. பல் ஒரு பக்கமாகத் தேய்ந்து கொக்கி போல வளைகிறது. அடிக்கடி டைட் வைக்க வேண்டியிருக்கிறது என்பது செயின் தன் முடிவை நெருங்குவதற்கான அறிகுறி. அதைப் பராமரிப்பு என்று கணக்கில் எழுதக் கூடாது.

இதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம், அதற்கு ஒரு அளவுகோல் போதும். செயினின் கீழ்ப்பகுதியை இழுத்துப் பிடித்து, ஒரு தண்டின் மையத்திலிருந்து அடுத்த 20 கண்ணி தள்ளியுள்ள தண்டின் மையம் வரை அளந்தால், புதிய 428 செயினில் 254 மில்லிமீட்டர் இருக்கும். 259-ஐத் தொட்டால் 2 சதவீதம் தேய்ந்துவிட்டது; சாதாரண செயினுக்கு அதுவே பொதுவான எல்லை. சில கையேடுகள் அதற்கு முன்னாலேயே மாற்றச் சொல்கின்றன. அளவுகோல் இல்லாதவர், பின் ஸ்பிராக்கெட்டின் கடைசி முனையில் செயினைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் பார்க்கலாம். பாதிப் பல்லுக்கு மேல் வெளியே தெரிந்தால் செயின் போய்விட்டது.

இனி சுத்தம் செய்வது. எண்ணெய் விடுவதை விட இதற்குத்தான் முதலிடம்; ஆனால் பலரும் தாண்டிப்போவது இதைத்தான். அழுக்கோடு இருக்கும் செயினில் புதிதாக எண்ணெய் விட்டால், வெளியே ஒட்டிக்கொண்டிருக்கும் மண்ணை அந்த எண்ணெயே கரைத்து இடுக்குக்குள் கொண்டுபோகும். காய்ந்த மண்ணாவது தகட்டின் மேலேயே கிடந்திருக்கும். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய்தான் பழைய, நம்பகமான பொருள். பெரும்பாலான கையேடுகளும் அதையே சொல்கின்றன. முன்பு போல அது எளிதில் கிடைப்பதில்லை என்பதால் பல பட்டறைகளில் டீசலை எடுக்கிறார்கள். டீசல் ஒரு பிசுக்கை விட்டுவிட்டுப் போகும், நன்றாகத் துடைக்க வேண்டும். கடையில் விற்கும் செயின் கிளீனரும் நல்லதே, காசு இருந்தால். பெட்ரோல் மட்டும் கூடாது. எளிதில் தீப்பிடிக்கும் என்பது ஒரு காரணம்; ரப்பர் வளையம் உள்ள செயினில் அந்த வளையங்களைக் கெடுத்துவிடும் என்பது இன்னொன்று. கம்பி பிரஷ்ஷும் அதே காரணத்துக்காக வேண்டாம், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்து, துணியால் துடைத்து, ஈரம் போகக் காயவிட வேண்டும். செயினைக் கழற்றி இரவு முழுக்க ஊறவைப்பது முன்பு வழக்கமாக இருந்தது. ரப்பர் வளையச் செயினுக்கு அது ஆகாது.

வாட்டர் சர்வீஸ் பற்றி இங்கே ஒரு வார்த்தை. வண்டி பளபளவென்று திரும்பி வரும் நாள், செயினுக்கு மோசமான நாள். வேகமாகப் பாய்ச்சும் தண்ணீர் மூட்டில் இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் விரட்டிவிட்டு அந்த இடத்தில் தான் புகுந்துகொள்கிறது. கழுவியவர் மேலாகத் துடைத்துவிட்டு, ஒரு கரண்டி ஆயிலை அள்ளித் தெளித்துக் கொடுத்துவிடுவார். தண்ணீர் உள்ளே, எண்ணெய் வெளியே. ஐப்பசி, கார்த்திகை மழையில் தினமும் நனையும் வண்டிக்கும் இதே நிலைதான். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். நனைந்த பிறகு சிறிது தூரம் ஓட்டி, துடைத்து, காயவைத்து, அப்புறம் எண்ணெய் விடுவதுதான் முறை. டபிள்யூடி-40 அடித்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1953-இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், தண்ணீரை விரட்டும் கரைசலாகவே அது உருவானது. பெயரில் உள்ள இரண்டு ஆங்கில எழுத்துகளும் அந்த வேலையைத்தான் குறிக்கின்றன. ஈரத்தைப் போக்கவும் அழுக்கை இளக்கவும் அது உதவும். ஆனால் மூட்டில் இழுவையைத் தாங்கி நிற்கும் அளவுக்குக் கனமான படலத்தை அது விட்டுச் செல்வதில்லை. அதை அடித்த பிறகும் எண்ணெய் விட்டே ஆக வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதில் நடக்கும் வாக்குவாதம், அதன் தகுதிக்கு மீறியது. உள்ளே நுழையும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும், சுழலும்போது தெறித்துவிடாத அளவுக்குக் கெட்டியாக இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம்தான் எந்தச் செயின் எண்ணெயும். பல கையேடுகள் சொல்லும் 80 அல்லது 90 எண் கியர் ஆயில் அந்தச் சமரசத்துக்குச் சரியாகப் பொருந்துகிறது. 90 என்றதும் 40 எண் இன்ஜின் ஆயிலை விட இரண்டு மடங்கு கெட்டி என்று பயப்பட வேண்டியதில்லை. கியர் ஆயிலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் எண் வரிசையே வேறு. 90 எண் கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 எண் இன்ஜின் ஆயிலின் கெட்டியில்தான் இருக்கும். செயின் ஸ்பிரே இன்னொரு தந்திரம் செய்கிறது: ஆவியாகும் திரவத்தில் கரைந்து இளகி உள்ளே போகிறது, அந்தத் திரவம் பறந்ததும் கெட்டியாகி ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் ஸ்பிரே அடித்த உடனே வண்டியை எடுக்கக் கூடாது. கியர் ஆயிலுக்கும் ஊறுவதற்கு நேரம் வேண்டும். காலையில் கிளம்பும் அவசரத்தில் விடுவதை விட, மாலையில் வீடு திரும்பி, செயின் வெதுவெதுப்பாக இருக்கும்போது விட்டுவிட்டு இரவெல்லாம் அப்படியே நிறுத்திவைப்பது சிறந்தது.

எங்கே விடுவது என்பதுதான் முக்கியம். செயினின் கீழ்ப்பகுதியில், அதன் உட்பக்கத்தில், அதாவது ஸ்பிராக்கெட் பல்லைத் தொடும் பக்கத்தில், உள்தகடும் வெளித்தகடும் சேரும் இடுக்குகளில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். செயின் ஸ்பிராக்கெட்டைச் சுற்றும்போது எண்ணெய் வெளிநோக்கித் தள்ளப்படும். உட்பக்கத்தில் விட்டது மூட்டு வழியாக வெளியே வரும், வெளிப்பக்கத்தில் விட்டது நேராகச் சக்கரத்தின் மேல் தெறிக்கும். ஒரு சுற்று முடிந்ததும், அரை மணி நேரமோ ஓர் இரவோ கழித்து, மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். விட்டதைத் துடைப்பது வீண் என்று தோன்றலாம். தகட்டின் மேல் நிற்கும் எண்ணெய் துருவைத் தடுக்க ஒரு மெல்லிய பூச்சு அளவுக்கு இருந்தால் போதும். அதற்கு மேல் இருப்பதெல்லாம் மண் பிடிக்கும் பசை, டயரில் பட்டால் சறுக்கல். எவ்வளவு குறைவாக விட்டால் போதும் என்பதற்கு, ஸ்காட்லாந்தில் உருவான ஸ்காட்டாய்லர் என்ற கருவியே சாட்சி. வண்டி ஓடும்போது தானாகவே செயினுக்கு எண்ணெய் விடும் அது, நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் விடுவதில்லை. அதை நம்பித்தான் நீண்ட தூரப் பயணக்காரர்கள் பலர் ஓடுகிறார்கள்.

இதற்கெல்லாம் நம் ஊரில் வலுவான ஒரு மறுப்பு உண்டு. பட்டறையில் இன்ஜினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலைத்தானே காலம் காலமாகச் செயினில் ஊற்றி வருகிறார்கள், அந்த வண்டிகள் ஓடவில்லையா என்று கேட்பார்கள். ஓடின. காரணத்தைப் பார்த்தால் மறுப்பு வலுவிழக்கும். அந்தக் கால 100 சிசி வண்டிகள் பெரும்பாலானவற்றில் செயினை முழுக்க மூடிய தகரக் கவர் இருந்தது. இன்றும் குடும்ப வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. சேலையும் துப்பட்டாவும் சிக்காமல் காக்கும் அந்தக் கவர், மண்ணையும் மழையையும் கூட வெளியே நிறுத்திவிடுகிறது. டைமிங் செயினுக்குக் கிடைக்கும் பாதுகாப்பில் பாதி அதற்குள் கிடைக்கிறது. செயினைக் காப்பாற்றியது கவர், பெயரைத் தட்டிச் சென்றது பழைய ஆயில். அந்த ஆயிலில் இன்ஜின் எரித்த கரியும், கியரும் கிளட்ச்சும் தேய்ந்து விழுந்த நுண்துகளும், எரிப்பில் பிறந்த அமிலமும் சேர்ந்தே இருக்கின்றன. இன்ஜினுக்கு ஆகாது என்றுதான் அதை இறக்கினோம். செயின் வெளியே தெரியும் வண்டியில் அதை ஊற்றினால் மண்ணும் சேர்ந்து வேலை இரட்டிப்பாகும். ஒன்றுமே விடாமல் துருப்பிடிக்க விடுவதை விட அது மேல் என்பதை ஒப்புக்கொள்ளலாம்; அவ்வளவுதான் அதற்குக் கொடுக்கக்கூடிய மதிப்பு. கிரீஸ் பூசுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. செயினைக் கழற்றி, உருக்கிய கிரீஸில் முக்கி எடுக்கும் பழைய முறையில் நியாயம் இருந்தது, சூட்டில் இளகிய கிரீஸ் மூட்டுக்குள் போனது. மாட்டிய செயினின் மேல் விரலால் பூசும் குளிர்ந்த கிரீஸ் எங்கேயும் போவதில்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்பு இன்னும் நுட்பமானது. விலை கூடிய வண்டிகளில் இப்போது வருவது ஓ-ரிங் செயின். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே தொழிற்சாலையிலேயே கிரீஸ் வைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் வளையத்தால் மூடிவிடுகிறார்கள். உள்ளே எண்ணெய் போகவே முடியாது என்றால் வெளியே ஏன் விட வேண்டும்? கேள்வி நியாயமானது; இந்தக் கட்டுரையின் வாதப்படியே பார்த்தாலும், சேர வேண்டிய இடத்தில் எண்ணெய் ஏற்கெனவே சேர்ந்துவிட்டது. ஆனால் ரோலருக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் உள்ள இடம் மூடப்படவில்லை; ரோலர் பல்லோடு மோதும் இடமும் திறந்தே இருக்கிறது. தகடுகள் துருப்பிடிக்கும். எல்லாவற்றையும் விட, அந்த வளையம் காய்ந்து வெடித்தாலோ மணல் அறுத்தாலோ உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறிவிடும். அதைத் திரும்ப வைக்க வழியே இல்லை. சாதாரண செயினில் எண்ணெய் மூட்டுக்கு உணவு, ஓ-ரிங் செயினில் அது வளையத்துக்குக் காவல். எனவே இதற்கு எண்ணெய் குறைவாகப் போதும், சுத்தம் கூடுதலாக வேண்டும். ஸ்பிரே வாங்கும்போது ஓ-ரிங்குக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செயின் செட் மாற்ற ஆகும் செலவு பெரிதல்ல, இவ்வளவு மெனக்கெடுவானேன் என்பது மூன்றாவது மறுப்பு. செலவை மட்டும் பார்த்தால் இதில் பாதி உண்மை இருக்கிறது. முழுக் கவர் போட்ட வண்டியில் தினமும் கொஞ்ச தூரம் போய் வருபவர், விலை உயர்ந்த ஸ்பிரேக்குக் காசு கொட்ட வேண்டியதில்லை. கையேடு சொல்லும் இடைவெளியில் கவரின் ரப்பர் மூடியைத் திறந்து கியர் ஆயில் விட்டாலே போதும். மைலேஜ் எகிறும் என்று ஆசை காட்டுவதையும் நம்ப வேண்டாம். நல்ல நிலையில் உள்ள செயின் 97, 98 சதவீத சக்தியைச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடுகிறது, அதில் மிச்சம் பிடிக்க அதிகமில்லை. ஆனால் கைவிடப்பட்ட செயின் மெதுவாக மட்டும் சாவதில்லை. பல் தாண்டிக் குதிக்கும். நெடுஞ்சாலையில் அறுந்தால் முன் ஸ்பிராக்கெட்டில் சுருண்டு இன்ஜின் உறையை உடைக்கலாம், பின்சக்கரத்தைப் பூட்டிவிடலாம். எண்ணெய் விடும் மெனக்கெடலோடு ஒப்பிட வேண்டியது செயின் செட்டின் விலையை அல்ல, இந்த ஆபத்தை. கவர் இல்லாத வண்டிக்கு 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, மழையில் நனைந்தால் அன்றைக்கே என்பது பொதுவான கணக்கு.

இந்த வேலையில் விரல் போக ஒரு வழி இருக்கிறது: வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டுச் சுழலும் செயினில் துணியை வைப்பது. துணி பல்லில் சிக்கும் வேகத்தில் கையை எடுக்க எவராலும் முடியாது. இன்ஜின் நின்றிருக்க வேண்டும், சாவி வெளியே இருக்க வேண்டும், வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும்; சக்கரத்தைக் கையால் சுற்றினாலே செயின் முழுக்க வந்துவிடும். நேரம் மிச்சமாகிறது என்பவர் மிச்சம் பிடிப்பது இரண்டு நிமிடம்.

எண்ணெய் விட்டதோடு தளர்வையும் பார்த்துவிடலாம். கீழ்ச்செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால், பெரும்பாலான சின்ன வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும்; சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், ஏனென்றால் செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மிக இறுக்கமான இடத்தை வைத்தே டைட் வைக்க வேண்டும். தளர்வே இல்லாமல் வைப்பது லூசாக விடுவதை விடக் கெடுதல். ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மேலேறி, முன் ஸ்பிராக்கெட்டின் மையம், ஸ்விங் ஆர்மின் அச்சு, சக்கரத்தின் அச்சு மூன்றும் ஒரே கோட்டை நோக்கி வரும்போது செயினுக்கு வேண்டிய நீளம் கூடுகிறது. அந்த நீளம் இல்லையென்றால் கியர்பாக்ஸ் தண்டின் பேரிங் அந்த இழுவையைத் தாங்க வேண்டியிருக்கும். கடைசியில் செயினை மாற்றும் நாள் வரும்போது இரண்டு ஸ்பிராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும், கொக்கிப் பல்லில் மாட்டிய புதுச்செயின் பழையதை விட வேகமாகத் தேயும். இரு முனைகளையும் கிளிப்பால், அதாவது லாக்கால், இணைத்த செயினாக இருந்தால் லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த செயின் பிசுபிசுவென்று இருக்கிறதே என்று சில பட்டறைகளில் அதை மண்ணெண்ணெயில் கழுவி மாட்டுகிறார்கள். மூட்டுகளில் சேர வேண்டிய கிரீஸ் அதில் ஏற்கெனவே இருக்கிறது. அதை அப்படியே மாட்டச் சொல்லுங்கள்.